கள்ளுக்கடை முதல் நைட் கிளப் வரை: மதுவருந்தும் இடங்களின் பெயர்வரலாறும் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

மக்கள் கூடி மது அருந்தும் இடங்களுக்கு ஒரு மொழியில் வழங்கும் பெயர்கள் அம்மொழி பேசுவோரின் வரிமுறையையும் சட்டத்தையும் தொழிற்பிரிவையும் அயலுறவையும் உடன்கொண்டு நிற்பவை. ஆற்றங்கரை நகரங்களைக் களமாகக் கொண்ட ஐரோப்பியப் புனைகதைகளைத் தமிழாக்குவோர் டேவர்ன், இன், பப், பார், சலூன், காபரே, நைட் கிளப் எனப் பல சொற்களை எதிர்கொள்கின்றனர். இவை தமிழில் பெரும்பாலும் 'மதுக்கடை' அல்லது 'மதுவிடுதி' என்னும் இரண்டனுள் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. இச்சுருக்கத்திற்குத் தமிழின் சொல்வறுமை காரணமா, அன்றித் தமிழில் உள்ள சொற்களின் வரலாறு கருதப்படாமை காரணமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகப் பட்டான்செரு அமைகிறது. தெலுங்கும் உருதும் நெடுங்காலமாக உடனுறையும் அவ்வூரில் மதுவருந்தும் இடங்களுக்கு வழங்கும் பெயர்களை முதலில் நோக்கி, அவற்றைத் தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள வழக்குகளோடு ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்: பட்டான்செரு

பட்டான்செரு ஐதராபாத் நகரின் வடமேற்கே மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். கல்யாணிச் சாளுக்கியர் கல்வெட்டுகளில் வரும் பொட்டலகெரே என்பது இவ்வூரே என வரலாற்றறிஞர் கருதுவர். ஊர்ப்பெயரின் ஈற்றுப்பகுதி மொழியியலாளர்க்குப் பயன்தருவது. கன்னடத்தில் கெரே, தெலுங்கில் செருவு, தமிழில் சிறை ஆகிய மூன்றும் நீரைத் தடுத்துத் தேக்கிய இடத்தைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்லின் வடிவங்கள். முன்னுயிருக்கு முன் நிற்கும் ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாயிற்று. கன்னடத்தில் ககரமாகவே நின்றது. ஒரே பொருளை மூன்று மொழிகள் மூன்று ஒலிவடிவில் காக்கும் இந்நிலை, கீழே காணப்படும் மதுச்சொற்களுக்கும் பொருந்தும்.

1972இல் பன்னாட்டு வறட்சிப் பகுதிப் பயிராய்வு நிறுவனமாகிய இக்ரிசாட் இங்கு அமைந்தது. அதனை அடுத்துத் தொழிற்பேட்டையும் வளர்ந்தமையால் பல மாநிலத்தவரும் பல நாட்டவரும் இவ்வூருக்கு வந்தனர். பனங்கள் இறக்கும் பழைய தொழிலும், ஆலைத் தொழிலாளர் கூடும் சாலையோர மதுக்கடைகளும், ஐதராபாத் பெருநகரின் மேல்தட்டுக் கேளிக்கை அரங்குகளும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் சூழல் இவ்வாறு உருவாயிற்று. ஆகவே இவ்வட்டாரத்து வழக்கில் மதுவருந்தும் இடங்களின் பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

கள், கல்லு, கள்ளு

முதல் அடுக்கு திராவிடச் சொல்லாகிய கள் என்பதாகும். தமிழில் இது தேனையும் மரத்திலிருந்து இறக்கும் மதுவையும் குறித்தது. மலையாளத்திலும் கன்னடத்திலும் கள்ளு எனவும், தெலுங்கில் கல்லு எனவும் வழங்குகிறது. தெலுங்கு வடிவம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இருவகையில் இடறச் செய்யும். கல்லு என அப்படியே எழுதினால் தமிழ் வாசகர்க்குப் பாறை நினைவுக்கு வரும். தமிழ் ஒலிப்புக்கேற்பக் கள்ளு எனப் பேசினால் தெலுங்கர் செவியில் அது கண்கள் என்னும் பொருளைத் தரும். தெலுங்கில் கன்னு என்பதன் பன்மை கள்ளு ஆதலே இதற்குக் காரணம். இனமொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பது எளிது என்னும் நம்பிக்கை இத்தகைய இடங்களில் பொய்த்துப்போகிறது.

தெலங்கானாவில் பனை, ஈந்து ஆகிய இரண்டிலிருந்தும் கள் இறக்குவர். முன்னதைத் தாட்டிக்கல்லு என்றும் பின்னதை ஈத்தகல்லு என்றும் பிரித்து வழங்குவர். இறக்குவோர் கீத தொழிலாளர் எனப்படுவர். கீயு என்னும் வினை சீவுதலைக் குறிப்பது. தமிழிலும் பாளை சீவுதல் என்பதே தொழிற்சொல். யாழ்ப்பாணத்தில் இத்தொழில் சீவல் தொழில் எனப்படும். ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் டாப்பர் என்னும் சொல், பீப்பாயின் அடைப்பைத் திறந்து மதுவை வடிப்பது என்னும் கருத்திலிருந்து வந்தது. திராவிட மொழிகள் கத்தியின் செயலை நோக்கிப் பெயரிட, ஆங்கிலம் கலத்தின் வாயை நோக்கிப் பெயரிட்டது.

துகாணம், காம்பவுண்டு, மண்டுவ

கள் விற்கும் இடம் தெலுங்கில் கல்லு துகாணம் எனப்படும். துகாணம் என்பது அரபு, பாரசீக வழிவந்த சொல். நிசாம் ஆட்சிப் பகுதியின் வழக்கில் வேரூன்றியது. இதற்கு நேரான தமிழ்ச்சொல் கடை. கடை என்பதற்கு முடிவு, வாயில் என்பனவே முற்பட்ட பொருள்கள். வீட்டின் வாயிலில் பொருள் வைத்து விற்ற நிலையிலிருந்து அது விற்பனை இடத்தைக் குறிப்பதாயிற்று.

ஐதராபாத் வட்டாரத்தில் இதற்கு மற்றொரு பெயரும் உண்டு. மதில் சூழ்ந்த வெளியில் அமர்ந்து கள் குடிக்கும் இடம் கல்லு காம்பவுண்டு எனப்படுகிறது. காம்பவுண்டு என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் மலாய் மொழியின் கம்போங் என்பதிலிருந்து வந்ததென 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கருதியது. தமிழகத்தில் இச்சொல் மதிற்சுவரை மட்டுமே நினைவூட்டும். ஐதராபாத்தில் அது மதிலுக்குள் அமர்ந்திருக்கும் கூட்டத்தையும் உட்கொண்டது. தெலங்கானா நாட்டுப்புற வழக்கில் இதே இடம் கல்லு மண்டுவ என்றும் குறிக்கப்படும். மண்டுவ என்பது பழைய வீடுகளின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம். எனவே துகாணம் விற்பனையைச் சுட்ட, காம்பவுண்டும் மண்டுவயும் அமர்வைச் சுட்டுகின்றன. வாங்கிச் செல்லும் இடம் வேறு, அமர்ந்து குடிக்கும் இடம் வேறு என்னும் இப்பாகுபாடு, பின்னர்க் காணவிருக்கும் எல்லாச் சொற்களிலும் தொடர்வது.

ஐதராபாத் நகரில் 2004இல் மூடப்பட்ட கள்ளுக்கடைகள், தெலங்கானா தனி மாநிலமான 2014ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டன. இதனால் காம்பவுண்டு என்னும் சொல் பேச்சில் உயிர்ப்போடு தொடர்ந்தது. தமிழகத்தின் நிலை இதற்கு மாறானது. அங்கு 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டமையால் கள்ளுக்கடை என்பது நினைவுச்சொல்லாகவும், ஈரோட்டின் கள்ளுக்கடைமேடு போன்ற இடப்பெயர்களின் உறுப்பாகவும் எஞ்சியது.

வரிச்சொற்கள்: ஆப்காரி, கலால், ஏலம்

இரண்டாம் அடுக்கு அரசின் வரியைச் சார்ந்தது. நிசாம் அரசின் மதுவரிச் சட்டம் பசலி 1316ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது கிறித்தவ ஆண்டு 1906-07க்கு இணையானது. 1968இல் ஆந்திரப் பிரதேச ஆயத்தீர்வைச் சட்டம் வரும்வரை தெலங்கானாப் பகுதியில் அதுவே நடைமுறையில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் நிலவியது. இரு சட்டங்களின் பெயரிலும் உள்ள ஆப்காரி என்பது பாரசீகச் சொல். ஆப் என்றால் நீர். காரி என்றால் செய்தொழில். மது காய்ச்சும் தொழிலைக் குறித்த சொல், பின்பு அதன்மீது விதிக்கும் வரியைக் குறித்தது.

இதனினும் வியப்பானது கலால் என்னும் சொல்லின் வரலாறு. வட இந்திய மொழிகளில் கலால் என்பது மது காய்ச்சி விற்போரைக் குறிக்கும் குலப்பெயர்; கல்யபால என்னும் வடசொல்லின் திரிபு. தெலங்கானாவின் உருது வழக்கில் கள்ளிறக்குவோரும் இப்பெயரால் சுட்டப்பட்டனர். தமிழில் இச்சொல் ஆளைக் குறிக்காமல் தீர்வையைக் குறிப்பதாயிற்று. மத்தியக் கலால் வரி எனத் துணிக்கும் தீக்குச்சிக்கும் விதிக்கப்பட்ட வரியின் பெயராகவும் நின்றது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின்படி, மக்கள் அருந்தும் மதுவின்மீது உற்பத்தித் தீர்வை விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உரியது. ஒன்றியத்தின் பட்டியலில் அது விலக்கப்பட்டது. எனவே மதுவிற்போனின் பெயர், மதுவைத் தவிர்த்த பிற பொருள்களின் வரிக்குத் தமிழில் பெயராயிற்று. சொற்பொருள் விரிந்து, விரிந்தபின் தன் முதற்பொருளை இழந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

கள்ளுக்கடைகளை நடத்தும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலம் என்பதும் தெலுங்கின் வேலம் என்பதும் போர்த்துக்கீசிய மொழியின் லெயிலாவ் என்னும் சொல்லின் வடிவங்கள். ஆகவே கள்ளுக்கடை ஏலம் என்னும் தொடரில் பண்டைத் திராவிடச் சொற்கள் இரண்டும் ஐரோப்பிய வணிகச்சொல் ஒன்றும் இணைந்து நிற்கின்றன.

ஆற்றங்கரை நகரிலிருந்து வந்த சொற்கள்

போர்த்துக்கீசியச் சொற்கள் மதுத்தொழிலில் இத்துடன் நில்லாமல் மேலும் பல தமிழில் புகுந்துள்ளன. போர்த்துக்கல்லின் தூரு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த நகரம் போர்ட்டோ. அவ்வாற்றின் மேல்பகுதியில் விளையும் திராட்சையின் மது, அந்நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. 1703இல் இங்கிலாந்துடன் செய்துகொண்ட மெத்துவன் உடன்படிக்கை அம்மதுவுக்கு இறக்குமதி வரிச்சலுகை தந்தது. 1756இல் அரசு அவ்விளைநிலத்தின் எல்லையை வரையறுத்தது. அம்மதுவை அடைக்கும் பெருங்கலத்தின் பெயர் பீப்பா. அதுவே தமிழில் பீப்பாய் ஆயிற்று. குடிகலத்தைக் குறிக்கும் கோப்பு என்னும் போர்த்துக்கீசியச் சொல் கோப்பை ஆயிற்று.

அந்நகரில் மதுவருந்தும் இடங்களின் பெயர்களும் அடுக்குகளாகவே உள்ளன. தவெர்னா என்பது இலத்தீன் வழிவந்த பழைய சொல். இலத்தீனில் தபெர்னா குடிசையையும் பொதுவாகக் கடையையும் குறித்துப் பின்பு மதுக்கடைக்குச் சிறப்பாயிற்று. அதேகா என்பது மது சேமிக்கும் நிலவறை. கிரேக்கத்தில் பண்டகசாலையைக் குறித்த சொல்லின் திரிபு. தாஸ்கா என்பது எளியோர் கூடும் சிறு உணவுக்கடை. பார் என்பது ஆங்கிலத்திலிருந்தும், இரவுக் கேளிக்கை அரங்கைக் குறிக்கும் புவாத் என்பது பிரெஞ்சிலிருந்தும் பின்னர் வந்தவை. புவாத் என்பதன் நேர்ப்பொருள் பெட்டி. 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்நகரின் பழைய பகுதியில் ஆற்றங்கரையை ஒட்டி இவ்விடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு மாற்றி வழங்க இயலாது.

இவற்றுள் தவெர்னா தமிழுக்கு நேரே உரியது. இலங்கைத் தமிழில் கள் விற்கும் இடம் தவறணை எனப்படும். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. பின்பு ஒல்லாந்தரும் 1795 முதல் ஆங்கிலேயரும் ஆண்டனர். தவறணை என்னும் வடிவத்திற்குப் போர்த்துக்கீசிய உச்சரிப்பே மிக அண்மையது. ரகர மெய்யும் னகரமும் அடுத்து வரும் மெய்ம்மயக்கம் உயிர் புகுந்து பிரிந்தது; ஈற்று அகரம் மேசை என்பதிற்போல ஐகாரமாயிற்று. தமிழகத் தமிழில் இச்சொல் வழங்கவில்லை. இலத்தீனின் தபெர்னா பொதுக்கடையிலிருந்து மதுக்கடையாகச் சுருங்கியதும், தமிழகப் பேச்சில் 'கடை மூடிவிட்டதா?' என்னும் வினா சூழலுக்கேற்ப மதுக்கடையை மட்டும் சுட்டுவதும் ஒரே வகைப் பொருட்சுருக்கம் ஆகும். ஐரோப்பிய நாவலில் வரும் டேவர்ன் என்பதற்கு இனமான சொல் தமிழில் இல்லை என்போர் யாழ்ப்பாணத் தமிழை மறந்தவராவர்.

சாராயம்: ஒரு சொல், மூன்று நிலைகள்

சாராயம் என்னும் சொல்லின் பொருள் எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுவது. இலங்கையில் சாராயம் என்பது தென்னங்கள்ளை வடித்துப் புட்டியில் அடைத்து உரிமத்துடன் விற்கப்படும் மது. அரசின் ஒப்புதல் பெற்றது. தமிழகத்தில் 1981 முதல் 1986 முடிய அது உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. 1987க்குப் பின் சட்டத்திற்குப் புறம்பானது. அதனால் கள்ளச்சாராயம் என்னும் தொடரே பெருவழக்காயிற்று. இத்தொடரில் உள்ள கள்ள என்பது களவின் அடியாகப் பிறந்தது. மரத்துக் கள்ளோடு தொடர்பற்றது. மூன்றாவது நிலை தெலுங்கு வழக்கில் உள்ளது. அங்கு சாரா எனப்படுவது, மாநில அரசு தானே வழங்கல் பொறுப்பேற்று ஊர்தோறும் கொண்டு சேர்த்த எளியோர் மதுவாக ஒரு காலத்தில் இருந்தது.

இம்மூன்றாம் நிலையில்தான் சொல்லின் வேறுபாடு மக்கள் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புறுகிறது. ஆந்திரப் பிரதேச அரசு சிறு உறைகளில் சாராயத்தை அடைத்து வழங்கிய திட்டத்திற்கு வாருணி வாஹினி எனப் பெயரிட்டது. வாருணி என்பது வடமொழியில் மதுவையும் மதுத்தெய்வத்தையும் குறிக்கும். வாஹினி என்பது பெருக்கு. காவிய நடையிலான இப்பெயரை மக்கள் வழங்கவில்லை. அவர்கள் வாயில் அது சாரா என்றே நின்றது.

நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பாடநூலில் சீதம்மா என்னும் பெண்ணைப் பற்றிய கதை இடம்பெற்றது. குடியால் அழியும் குடும்பத்தையும், ஊர்ப்பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக்கடையை மூடுவதையும் கூறும் பாடம் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள் 1992இல் தூபகுண்டா என்னும் ஊரில் அதனைச் செயலாக்கினர். சாராயம் ஊருக்குள் வருவதைத் தடுத்தனர். ஏலத்தை நடத்தவிடாமல் மறித்தனர். போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1994 தேர்தலுக்குப் பின் அமைந்த அரசு 1995 சனவரியில் மதுவிலக்கை விரிவாக நடைமுறைப்படுத்தியது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இவ்வியக்கத்தின் தெலுங்குப் பெயர் சாராவுக்கு எதிரான போராட்டம் என்பதே. தமிழில் இதனை மதுவிலக்கு இயக்கம் என மொழிபெயர்ப்பின், 1993இல் பெண்கள் பெற்றதும் 1995இல் அரசு சட்டமாக்கியதும் ஒன்றாகிவிடும். மதுவிலக்கு அரசின் சொல், சட்டநூலின் சொல். சாராய எதிர்ப்பு என்பது, கூலி வீடு வந்து சேரும் முன்பே அதனை உறிஞ்சிய ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுட்டிக்காட்டியவர்களின் சொல். நகரத்துப் பார்களை அவர்கள் அறிந்திலர்; அறிந்த ஒன்றை எதிர்த்தனர். மொழிபெயர்ப்பில் பொதுச்சொல் புகும்போது அவர்களது கோரிக்கையின் கூர்மை மறைகிறது.

தமிழ் மரபில் பெண்களும் மதுச்சொற்களும்

தமிழ் இலக்கியத்தில் இத்துறைச் சொற்கள் மிகப் பல. கள், நறவு, தேறல், தோப்பி, அரியல், மட்டு, பிழி, வேரி என்பன செய்முறையாலும் தெளிவாலும் வேறுபட்டவை. மது விற்குமிடங்களில் கொடி கட்டப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில், எழுத்தறியாத அயலாரும் கடையை அறியக் கொடியே பெயர்ப்பலகையாயிற்று எனலாம். யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு குறிக்கிறது. 1945இல் வீலர் நிகழ்த்திய அரிக்கமேடு அகழாய்வில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகள் அவ்வணிகத்தை உறுதிப்படுத்தின. கள் சமைத்தவர்களாகவும் விற்றவர்களாகவும் பெண்களையே பெரும்பாணாற்றுப்படையும் அகநானூறும் காட்டுகின்றன.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கள் என்பது மயக்கம் தரும் அனைத்திற்கும் பொதுப்பெயராகிறது. இருபதாம் நூற்றாண்டில் இப்பொதுப்பெயர் இடத்தை மது என்னும் வடசொல் பெற்றது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தியது கள்ளுக்கடை மறியல் என்றே வழங்கப்பட்டது. 1937 அக்டோபர் 1 அன்று இராசாசி அரசு சேலம் மாவட்டத்தில் கொணர்ந்ததோ மதுவிலக்கு. மறியல் நின்றது ஒரு கடையின் வாயிலில். விலக்கு நின்றது ஒரு சட்டத்தில். 1921க்கும் 1937க்கும் இடையே தமிழில் நிகழ்ந்த சொல்மாற்றம், 1992க்கும் 1995க்கும் இடையே ஆந்திரத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

உரிமச்சொற்கள்: வைன்ஸ், பர்மிட், பெல்ட்

மூன்றாம் அடுக்கு உரிமம் பெற்ற நவீன விற்பனையைச் சார்ந்தது. ஐதராபாத்திலும் பட்டான்செருவிலும் கடைப்பலகைகளில் காணப்படும் சொல் வைன்ஸ் என்பது. பன்மை விகுதியோடு கூடிய இப்பெயரின் கீழ் விற்கப்படுவன பெரும்பாலும் விஸ்கி, பிராந்தி, ரம், பீர் ஆகியவை. தமிழகத்தில் இதற்கு ஒயின் ஷாப், பிராந்திக்கடை என்னும் பெயர்கள் வழங்கின. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003இல் சில்லறை விற்பனையையும் தனதாக்கிக் கொண்டபின், அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமாகிய டாஸ்மாக் என்பதே கடையின் பொதுப்பெயராயிற்று. ஒரு நிறுவனத்தின் சுருக்கப்பெயர் வகைப்பெயராவது மொழிகளில் காணப்படும் இயல்பே. ஆயினும் அரசு நிறுவனத்தின் பெயரே மதுக்கடையின் பெயராகியிருப்பதால், 1990களைக் களமாகக் கொண்ட கதையில் டாஸ்மாக்கில் குடித்தான் என மொழிபெயர்ப்பது காலவழு ஆகும்.

பர்மிட் என்னும் சொல்லும் இடத்திற்கேற்பப் பொருள் மாறுவது. தமிழகத்தில் மதுவிலக்குக் காலத்தில் அது தனிமனிதர் பெற்ற அனுமதித்தாள். மகாராட்டிரத்தில் பர்மிட் ரூம் என்பது அத்தாள் உடையோர் அமர்ந்து குடிக்கும் கூடம். தெலுங்கு நாட்டில் அது மதுக்கடையை ஒட்டி நின்று குடிப்பதற்கு விடப்பட்ட அறை. பெல்ட் ஷாப் என்பது உரிமம் பெற்ற கடையிலிருந்து சரக்கு வாங்கிச் சிற்றூர்களில் உரிமமின்றி விற்கும் இடம். தெலுங்குச் செய்திகளைத் தமிழாக்குவோர் இதனைப் பெல்ட் கடை என விட்டுவிடின், வாசகர் இடுப்புவார் விற்கும் கடையை எண்ணக்கூடும். உரிமமற்ற துணைக்கடை என விரித்தல் நலம்.

பார் என்பதன் மூலப்பொருள் குறுக்குத்தடை. வாடிக்கையாளரையும் மதுக்கலங்களையும் பிரிக்கும் மேடையே பார் எனப்பட்டுப் பின்பு முழுக்கூடத்திற்கும் பெயராயிற்று. நீதிமன்றத்தில் வழக்குரைஞர் நிற்கும் தடுப்பும் அதே சொல். பார் கவுன்சில் என்பது தமிழ் நாளிதழ்களில் இயல்பாக வழங்குவதால் அங்கு மயக்கம் நேர்வதில்லை. சலூன் என்பதன் நிலை வேறு. தமிழில் அது முடிதிருத்தகம் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. அமெரிக்கக் கதைகளில் வரும் சலூனை ஒலிபெயர்த்தல் ஆகாது.

கிளப்பும் இரவு விடுதியும்

நைட் கிளப் என்பதைத் தமிழில் இரவு விடுதி என மொழிபெயர்க்கும் வழக்கம் உள்ளது. விடுதி என்பது தங்குமிடம். மாணவர் விடுதி, பயணியர் விடுதி என்பவற்றில் இப்பொருள் தெளிவு. இரவில் விழித்திருந்து ஆடவும் பாடவும் குடிக்கவும் செல்லும் இடத்தை இரவில் உறங்கும் இடத்தின் பெயரால் சுட்டுவது முரண். மதுவிடுதி என்பதிலும் இக்குறை உண்டு. ஆயினும் பழைய ஐரோப்பாவின் இன் என்பது வழிப்போக்கர் குடித்து உண்டு தங்கும் இடமாதலின் அதற்கு மட்டும் அது மிகப் பொருந்தும்.

கிளப் என்னும் சொல்லுக்குத் தமிழில் தனி வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காபி கிளப் என்பது சிற்றுண்டிக்கடையைக் குறித்தது; அங்கு உறுப்பினர் என எவரும் இல்லை. இதற்கு மாறாகச் செகந்தராபாத் கிளப் போன்றவை உறுப்பினர்க்கே உரியவை; அது 1878இல் தோன்றியது. தமிழகத்தில் உரிமத்துடன் உறுப்பினர்க்கு மது வழங்கும் கிளப்புகள் மனமகிழ் மன்றம் எனப்படுகின்றன. காபி கிளப்பில் விலை கொடுப்போர் நுழையலாம். மனமகிழ் மன்றத்தில் உறுப்பினர் நுழையலாம். நைட் கிளப்பில் நுழைவுக்கட்டணமும் உடையும் வாயிற்காவலனும் தீர்மானிப்பர். நுழைவு யாருக்கு என்பதே இச்சொற்களைப் பிரிக்கும் கோடாகும்.

காபரே என்பதும் பிரெஞ்சில் முதலில் எளிய மதுக்கடையையே குறித்தது. 1881இல் பாரிசின் மோன்மார்த்தர் பகுதியில் தோன்றிய ஷா நுவார் போன்ற அரங்குகளுக்குப் பின் பாட்டும் நடிப்பும் கூடிய இடத்தைக் குறித்தது. தமிழ்த் திரைப்பட வழக்கில் அது இடத்தை விட்டு ஆட்டத்தின் பெயராயிற்று. ஆகவே காபரேக்குச் சென்றான் என்பதும் காபரே பார்த்தான் என்பதும் தமிழில் வேறுவேறு தொடர்கள்.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன

மேற்கண்ட சான்றுகளால், மதுவருந்தும் இடமொன்றின் பெயரைத் தமிழாக்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது இன்றியமையாதது எனத் தெரிகிறது. அங்குக் கிடைப்பது எம்மது? அதனை விற்கும் உரிமை எவர்க்கு, எச்சட்டத்தின் கீழ் உள்ளது? வாங்கிச் செல்வதா, நின்று குடிப்பதா, அமர்ந்து குடிப்பதா? உள்ளே நுழைவோர் யாவர், நுழைய இயலாதோர் யாவர்?

இவ்விடைகளைக் கொண்டு பார்க்கின், கடை என முடியும் சொற்கள் விற்பனைக்கும், கூடம் என முடிவன அமர்வுக்கும், மன்றம் என முடிவன உறுப்பினர் அமைப்புக்கும், விடுதி என முடிவன தங்குமிடத்திற்கும் உரியனவாகத் தமிழில் முன்பே பிரிந்து நிற்பது புலனாகும். இன் என்பதற்கு விடுதியும், டேவர்ன் என்பதற்குச் சூழலுக்கேற்ப மதுக்கடை அல்லது தவறணையும், பார் என்பதற்கு மதுக்கூடமும் பொருந்தும். பப், நைட் கிளப் ஆகியவற்றை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் அமைப்பைத் தொடராலே விளக்கிவிடுதல் போதும். கல்லு காம்பவுண்டு போன்றவற்றைக் கள்ளு வளாகம் என்பதைவிட, கள்ளுக்கடை முற்றம் என்பது அதன் அமைப்பைத் தெளிவாக உணர்த்தும்.

முடிவுரை

பட்டான்செரு வட்டாரத்து வழக்கில் திராவிடம், பாரசீகம், உருது, ஆங்கிலம், ஆங்கிலத்தின் வழியே மலாய் ஆகிய மொழிகளின் சொற்கள் மதுவருந்தும் இடங்களைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. ஏலம் என்னும் ஒரு சொல்லால் போர்த்துக்கீசியமும் அப்பங்கில் இடம்பெறுகிறது. போர்ட்டோ நகரிலும் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகியவை இவ்வாறே அடுக்காகி நிற்பதால், இந்நிலை ஒரு நாட்டுக்கே உரியதன்று என்பது தெளிவு. புதிய வரியோ புதிய வணிகமோ புதிய சட்டமோ தோன்றுந்தோறும் புதிய பெயர் தோன்றியது. பழைய பெயர் எளியோரிடத்து எஞ்சியது. ஆதலின் இப்பெயர்களுள் ஒன்றை மற்றொன்றாக்கும்போது சமுதாயத்தின் ஓரடுக்கு மற்றோரடுக்காக மாற்றப்படுகிறது. தூபகுண்டாவின் பெண்கள் தம் வாயில் வழங்கிய சொல்லைக் கொண்டே தாம் எதிர்த்த பொருளை வரையறுத்தனர். அவ்வரையறையைக் காப்பது அவர்கள் வரலாற்றைத் தமிழில் எழுதுவோரின் கடமையாகும்.